போர்க்கப்பல் வென்றது, சரக்குக் கப்பல் என்ன ஆயிற்று?

"கிரேஹவுண்ட்" என்ற அமெரிக்கப் படத்தை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த படம். அது கொரோனாக் காலம். சினிமாக் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. ஆகவே படம் கொட்டகைக்கு வராமல், ஆப்பிள் நிறுவனத்தின் இணையத் திரை வழியாக நேரே வீடுகளுக்கு வந்தது. பிரபல நடிகர் டாம் ஹாங்க்ஸ்தான் கதாநாயகர். திரைக்கதையும் அவர் எழுதியதே. சி. எஸ். பாரஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1955-ம் ஆண்டு வெளியிட்ட "நல்ல மேய்ப்பன்" என்ற நாவலே அதற்கு மூலம்.

படத்தில் பாட்டுக் கிடையாது. காதல் காட்சி பேருக்கு ஒன்று. மற்றபடி ஒன்றரை மணி நேரமும் கடல், குளிர், இருட்டு, குண்டு!

அந்தப் பழைய படத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. 2025-ம் ஆண்டு ஜூலையில்கூட இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஆயுதமில்லாத சரக்குக் கப்பலை யார் காப்பது? எவ்வளவு தூரம் வரை காப்பது? காவல் பாதி வழியில் விலகிவிட்டால் உள்ளே இருப்பவன் கதி என்ன? எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அட்லாண்டிக் சமுத்திரத்தில் எழுந்த கேள்விகள்தான் மறுபடியும் எழுந்தன. இந்தப் படம் அவற்றில் பாதிக்குப் பதில் சொல்லுகிறது. மறு பாதியைச் சொல்லாமல் விடுகிறது.

ஆட்டு மந்தையும் நான்கு காவலரும்

கதை இதுதான். 1942-ம் ஆண்டின் தொடக்கம். பிரிட்டனுக்கு வேண்டிய உணவும் எண்ணெயும் தளவாடமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் போகவேண்டும். தனித்தனியே போனால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் விழுங்கிவிடும். ஆகவே கப்பல்களை ஒன்றாகச் சேர்த்து, வரிசை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் போர்க்கப்பல்களைக் காவலுக்கு விட்டு ஓட்டிச் செல்வார்கள். இதற்குத்தான் "கான்வாய்" என்று பெயர்.

படத்தில் வரும் கான்வாயில் 37 கப்பல்கள். காவலுக்கு நான்கே கப்பல்கள். அவற்றின் தலைவர் எர்னஸ்ட் கிராஸ். வயதானவர், கடவுள் பக்தி உள்ளவர், யுத்தத்தில் கப்பல் நடத்துவது இதுவே முதல் தடவை. கரையிலிருந்து கிளம்பும் விமானங்கள் எட்ட முடியாத நடுக்கடல் பகுதிக்குள் கான்வாய் நுழைகிறது. அங்கே ஓநாய்க் கூட்டம்போல் நீர்மூழ்கிகள் காத்திருக்கின்றன.

கிராசுக்குச் சாப்பாடு வருகிறது, உண்ண நேரமில்லை. தூக்கம் வருகிறது, தூங்க முடியவில்லை. கால் வீங்கி ரத்தம் கசிகிறது. நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. எதிரி எங்கே என்று காட்டும் சோனார் கருவியோ, சில சமயம் எதிரி கிளப்பிவிடும் பொய்க் குமிழியையும் சேர்த்துக் காட்டுகிறது!

படத்தில் குறை இல்லாமல் இல்லை. ஜெர்மன் தளபதி ரேடியோவில் வந்து கேலி பேசுவதாகக் காட்டியிருப்பது வெறும் சினிமா. ஒளிந்திருப்பவன் வாயைத் திறந்து இருப்பிடத்தைக் காட்டிக்கொள்ள மாட்டான். படத்தில் வரும் நாசகாரிக் கப்பலின் ரகமும் 1942-ம் ஆண்டின் நடுவில்தான் சேவைக்கு வந்தது. லூயிசியானா மாநிலத்தில் காட்சிப் பொருளாக நிற்கும் "கிட்" என்ற பழைய கப்பலில் படம் பிடித்ததால் வந்த வினை. போகட்டும், இவை சிறு குறைகள்.

துரத்துவதா, நிற்பதா?

படம் சரியாகப் பிடித்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. காவல் கப்பலின் தலைவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் வரும் சோதனை அது.

நீர்மூழ்கி ஒன்று தென்படுகிறது. அதைத் துரத்திக்கொண்டு போனால் ஒருவேளை அழித்துவிடலாம். புகழும் கிடைக்கும். ஆனால் துரத்திப் போன பக்கம் காவல் இல்லாமல் திறந்து கிடக்கும். அந்த ஓட்டை வழியாக இன்னொரு நீர்மூழ்கி உள்ளே நுழையும். துரத்தாமல் விட்டாலோ, அதே நீர்மூழ்கி ராத்திரி திரும்பி வரும். தண்ணீரில் தத்தளிப்பவர்களை நின்று தூக்கினால், நிற்கும் கப்பல் டார்பிடோவுக்கு இலக்கு. தூக்காமல் போனால் மனச்சாட்சி விடாது.

இந்தச் சங்கடத்தை 1953-ம் ஆண்டு வந்த "தி குரூயல் சீ" என்ற ஆங்கிலப் படம் இன்னும் கடுமையாகக் காட்டியது. அதில் ஒரு காட்சி. கப்பலை இழந்த மாலுமிகள் கடலில் நீந்துகிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே நீர்மூழ்கி இருப்பதாகக் கருவி சொல்லுகிறது. காப்டன் குண்டு போடச் சொல்லுகிறார். நீந்தியவர்கள் மடிகிறார்கள். கீழே நீர்மூழ்கி இருந்ததா என்பதே பிறகு சந்தேகமாகிவிடுகிறது!

இந்த விஷயத்தில் நம் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய "எம்டன்" கப்பலை யாரும் மறந்திருக்க முடியாது. கெட்டிக்காரப் பேர்வழியை இன்றும் "எம்டன்" என்கிறோம். அது நீர்மூழ்கி அல்ல. கடல்மேல் ஓடிய போர்க்கப்பல். அதன் முடிவு எப்படி நேர்ந்தது தெரியுமா?

ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிக்கொண்டு முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் கான்வாயாக இந்து சமுத்திரத்தைக் கடந்துகொண்டிருந்தன. நவம்பர் 9-ந் தேதி காலை கோகோஸ் தீவிலிருந்து அபாயச் செய்தி வந்தது. "மெல்போர்ன்" கப்பலின் காப்டன்தான் காவலுக்குத் தலைவர். அவரே எம்டனைப் பிடிக்கத் திரும்பினார். பாதியில், "என் வேலை கான்வாயைக் காப்பதல்லவா?" என்ற நினைவு வந்தது. தாம் நின்றுகொண்டு "சிட்னி" கப்பலை அனுப்பினார். ஜப்பானியரின் "இபுக்கி" கப்பல் தானும் போகிறேன் என்று கெஞ்சியது; அதற்கும் அனுமதி இல்லை. எம்டன் ஒழிந்தது, புகழ் சிட்னிக்குப் போயிற்று. நின்று காத்தவர்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் படைக் கப்பல்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

வேலிக் கணக்கு

கான்வாய் என்ற யோசனை லேசில் ஏற்றுக்கொள்ளப்பட்டதல்ல. ஆடுகளை ஒன்றாகச் சேர்த்தால் ஓநாய்க்குத்தானே வசதி என்று முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையே வாதாடியது. 1917-ம் ஆண்டு கப்பல்கள் கணக்கில்லாமல் மூழ்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

இரண்டாவது யுத்தத்தில் இன்னொரு தகராறு. கான்வாய் சிறியதாக இருப்பது நல்லதா, பெரியதாக இருப்பது நல்லதா? சிறியதுதான் பத்திரம் என்பது கடற்படையின் நம்பிக்கை. பி. எம். எஸ். பிளாக்கெட் என்ற பௌதிக விஞ்ஞானி கணக்குப் போட்டுப் பார்த்தார். பின்னால் 1948-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். சுதந்திர இந்தியாவின் ராணுவ ஆராய்ச்சி பற்றி நேருவுக்கு ஆலோசனை சொன்னவரும் இவரே.

அவர் போட்ட கணக்கை நம் ஊர் விவசாயி சுலபமாகப் புரிந்துகொள்வார். ஒரு காணி நிலத்துக்கு வேலி போட ஆகும் முள், இரண்டு காணிக்கு இரு மடங்கு ஆகாது. நிலம் இரு மடங்கானாலும் சுற்றளவு அவ்வளவு கூடாது. கடலில் காவல் கப்பல்கள் கான்வாயை ஒட்டி நிற்பதில்லை. நன்றாக விலகிச் சுற்றி நிற்கும். ஆகவே கூடுதல் இன்னும் குறைவு. 40 கப்பல் கான்வாயை 80 கப்பலாக்கினால் காக்கவேண்டிய சுற்றளவு ஏழில் ஒரு பங்குதான் கூடும் என்று கண்டார். உள்ளே நுழைந்துவிட்ட நீர்மூழ்கியோ, கான்வாய் சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைக் கப்பல்களைத்தான் அடிக்கிறது.

முடிவு என்ன? சிறு கான்வாய்கள் பலவற்றுக்குப் பதில் பெரிய கான்வாய்கள் சிலவற்றை அனுப்பினால், அதே காவல் கப்பல்களைக் கொண்டு காவலை அடர்த்தியாக்கலாம்! 1943-ம் ஆண்டில் கடற்படை இதை ஏற்றது. 1944-ம் ஆண்டு கோடையில் 160-க்கு மேற்பட்ட கப்பல்கள் கொண்ட ஒரே கான்வாய் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஒன்றுகூட மூழ்கவில்லை.

கணக்கு மட்டும் யுத்தத்தை வென்றது என்று சொல்லவில்லை. நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள், நல்ல ராடார், சங்கேதச் செய்தியை உடைத்தவர்களின் உழைப்பு எல்லாம் ஒன்று சேர்ந்தன. 1943-ம் ஆண்டு மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகளை இழந்து, ஜெர்மானியர் வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கினார்கள். யுத்தம் முடிவதற்குள் நீர்மூழ்கிகளில் சேவை செய்த சுமார் 40,000 ஜெர்மானியரில் சுமார் 30,000 பேர் மாண்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் இளம் பிள்ளைகளே.

காவல் விலகிய இரவு

ஆனால் அந்த வெற்றிக்கு முன்பு நடந்தவை கொடுமையானவை. அவற்றுள் பல, காவல் விலகியதால் வந்தவை.

1940-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி லிவர்பூலிலிருந்து "சிட்டி ஆப் பெனாரஸ்" என்ற கப்பல் கனடாவுக்குக் கிளம்பியது. பெயர் நம் காசியின் பெயர். கப்பலில் 400-க்கு மேற்பட்டவர்கள். குண்டு வீச்சிலிருந்து தப்புவிப்பதற்காக அரசாங்கம் ஏற்பாடு செய்து அனுப்பிய 90 குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கப்பல் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்தியர்.

காவல் கப்பல்களுக்கு ஒரு எல்லை வகுக்கப்பட்டிருந்தது. இன்ன இடம் வரை வந்துவிட்டு, எதிரே வரும் வேறு கான்வாயைச் சந்திக்கத் திரும்பிவிட வேண்டும். 17-ந் தேதி அதிகாலை ஒரு மணிக்கு அவை விலகின. அன்று இரவு பத்து மணி அளவில் யு-48 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. புயல் காற்று, கொட்டும் மழை. அந்த 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டார்கள்.

உயிர்காப்புப் படகு ஒன்று எவர் கண்ணிலும் படாமல் எட்டு நாட்கள் அலைந்தது. அதில் இருந்த 46 பேரில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். கடைசியில் ஒரு விமானம் கண்டு சொல்ல, போர்க்கப்பல் வந்து மீட்டது.

காவல் கப்பல்களின் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவை உத்தரவுப்படி நடந்தன. இருந்தவை கொஞ்சம், காக்கவேண்டியவை ஏராளம்.

1942-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி நடந்தது அப்படிப்பட்டதல்ல. ரஷ்யாவுக்குத் தளவாடம் ஏற்றிப்போன பி.கியூ. 17 என்ற கான்வாயை ஜெர்மானியரின் பெரிய போர்க்கப்பல் தாக்க வருகிறது என்று லண்டனிலிருந்த தலைமை அஞ்சியது. "கான்வாய் கலைந்து செல்லட்டும்" என்று உத்தரவு போட்டது. காவல் விலகியது. பெரிய போர்க்கப்பல் வரவே இல்லை! சிதறிய சரக்குக் கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாக வேட்டையாடின. கான்வாயில் மூன்றில் இரு பங்கு அழிந்தது.

படத்தில் இல்லாதவர்கள்

இப்போது "கிரேஹவுண்ட்" படத்துக்கு வருவோம். படம் முழுவதும் நாம் போர்க்கப்பலின் மேல்தட்டில் நிற்கிறோம். சரக்குக் கப்பல்கள் தூரத்தில் தெரியும் நிழல்கள். எரியும்போது மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. அவற்றின் உள்ளே, இயந்திர அறையில் வேலை செய்தவன் யார்? அவன் முகத்தைப் படம் காட்டுவதே இல்லை.

அவனிடம் பீரங்கி பேருக்குத்தான் உண்டு. ஓட வேகம் கிடையாது. வரிசையை விட்டு விலகக் கூடாது. பக்கத்துக் கப்பல் தீப்பற்றி எரிந்தாலும், தன் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டு கரியைத் தள்ளவேண்டும். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். 1941-ம் ஆண்டு மே மாதம் சட்டம் மாறும் வரை, கப்பல் மூழ்கிய அன்றோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும்! படகில் தத்தளித்த நாட்களுக்குக் கூலி இல்லை.

அந்தக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆசியத் தொழிலாளி. "லாஸ்கர்" என்று அழைக்கப்பட்ட இவர்களில் பெரும்பாலோர் இந்தியர். சில்ஹெட், கொங்கணம், கோவா, குஜராத் பகுதிகளிலிருந்து போனவர்கள் அதிகம். அதே கப்பல், அதே டார்பிடோ; சம்பளம் மட்டும் வெள்ளையரின் சம்பளத்தில் சிறு பங்கு. யுத்தம் தொடங்கிய 1939-ம் ஆண்டிலேயே கூடுதல் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அந்த யுத்தத்தில் மாண்ட ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பல் தொழிலாளரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவேட்டில் இருக்கின்றன. வெள்ளித்திரையில் இல்லை.

செங்கடலில் நடந்தது

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏமனின் ஹௌத்திப் படையினர் 2023-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி "கேலக்சி லீடர்" கப்பலைப் பிடித்துச் சென்றார்கள். 25 மாலுமிகள் 2025-ம் ஆண்டு ஜனவரி வரை சிறைப்பட்டார்கள். ஏவுகணையும் ட்ரோனும் டார்பிடோவின் வேலையைச் செய்தன.

அமெரிக்கா டிசம்பர் மாதத்தில் ஒரு கூட்டுக் காவல் அமைத்தது. ஐரோப்பிய நாடுகள் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் வேறொன்று அமைத்தன. சில கப்பல்கள் துணையுடன் போய்ச் சேர்ந்தன. ஆனால் அட்லாண்டிக்கைப் போல் எல்லாக் கப்பல்களையும் சேர்த்து ஓட்டும் முறை வரவில்லை. கான்வாய் என்றால் கூட்டம் சேரும் வரை காத்திருக்க வேண்டும். ஆமை வேகக் கப்பலுக்காக மற்றவையும் மெதுவாகப் போகவேண்டும். கப்பல் முதலாளிக்கு நேரம் என்றால் பணம். பெரிய நிறுவனங்கள் பல, பத்து நாளுக்கு மேல் கூடுதலானாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. 2024-ம் ஆண்டில் சூயஸ் கால்வாயின் போக்குவரத்து பாதிக்கு மேல் குறைந்தது. துணிந்தவர்கள் செங்கடலில் போனார்கள். துணிந்தது முதலாளி, போனது மாலுமி.

நம் கடற்படை அப்போது செய்த வேலை பாராட்டத்தக்கது. 2024-ம் ஆண்டு ஜனவரியில் 22 இந்தியர்களுடன் "மார்லின் லுவாண்டா" தீப்பற்றியபோது "விசாகப்பட்டினம்" கப்பலின் வீரர்கள் ஏறித் தீயணைத்தார்கள். மார்ச் மாதம் "ட்ரூ கான்பிடன்ஸ்" தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் மாண்டபோது, "கொல்கத்தா" கப்பல் 21 பேரை மீட்டது. ஆனால் அடிபட்ட பிறகு ஓடிவருவது ஒன்று. அடிபடாமல் கூடவே வருவது வேறு.

2025-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவும் ஹௌத்திகளும் ஓமன் நாட்டின் மத்தியஸ்தத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அமெரிக்கக் கப்பல்களுக்கு அபயம் கிடைத்தது. மற்றக் கப்பல்களுக்கு அப்படிப்பட்ட அபயம் கிட்டவில்லை. ஜூலை மாதத்தில் "மாஜிக் சீஸ்", "எட்டர்னிடி சி" என்ற இரு சரக்குக் கப்பல்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டு மூழ்கின. இரண்டுக்கும் துணையாகக் காவல் கப்பல் இல்லை. முதல் கப்பலின் 22 பேரை, அவ்வழியே போன இன்னொரு வணிகக் கப்பல் காப்பாற்றியது. இரண்டாவதில் இருந்த 25 பேரில் நான்கு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள்.

காவல் கப்பலை வைத்திருப்பவன் தன் சௌகரியப்படி விலகுகிறான். விலகிய பிறகு விழும் அடி வேறொருவன் தலையில் விழுகிறது. சிட்டி ஆப் பெனாரஸ் சொன்ன பாடம் இதுதானே?

செய்யவேண்டியது என்ன?

உலகக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகளில் இந்தியர் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அபாயக் கடல் என்று தெரிந்தால், "அந்தப் பக்கம் எங்கள் கப்பல்கள் ரோந்து வருகின்றன" என்று சொல்லித் திருப்திப்படக் கூடாது. நாள் குறித்து, கப்பல்களைச் சேர்த்து, கரை காணும் வரை கூடவே போகவேண்டும். பிளாக்கெட்டின் வேலிக் கணக்கு இன்றும் பொய்யாகவில்லை. கொஞ்சம் காவல் இருந்தால், கூட்டத்தைப் பெரிதாக்குவதே வழி.

காவலை விலக்குவதானால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். உடன்பாடு செய்துகொள்ளும் வல்லரசு தன் கொடிக்கு மட்டும் அபயம் வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

அபாயக் கடலுக்குப் போக மறுக்கும் உரிமை மாலுமிக்கு வேண்டும். 2024-ம் ஆண்டில் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாடு செங்கடல் விஷயத்தில் இந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் உடன்பாட்டில் சேராத கப்பலில் இருப்பவன் என்ன செய்வான்? ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வேலைக்குப் போனவன், "நான் வரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வான்? மறுத்தவனுக்கு அடுத்த கப்பல் கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

காவல் கப்பலின் வெற்றியை, மூழ்கடித்த நீர்மூழ்கிகளின் எண்ணிக்கையை வைத்து அளப்பது சினிமாவின் வழக்கம். கிளம்பியவர்களில் எத்தனை பேர் கரை ஏறினார்கள் என்று எண்ணுவதே சரியான கணக்கு. "கிரேஹவுண்ட்" படத்தைப் பார்க்கும் வாசகர்கள் டாம் ஹாங்க்சின் நடிப்பை ரசிக்கட்டும். கூடவே, தூரத்தில் எரியும் அந்த நிழல் கப்பலையும் ஒரு நிமிஷம் பார்க்கட்டும். அதன் இயந்திர அறையில் இருந்தவனுக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் தபால்காரனை எதிர்பார்த்து ஒருத்தி நின்றாள்.